‘சர்வர் டவுன், நாளைக்கு வாங்க!’ – உண்மையில் கோளாறு எங்கே? மேசைக்கு அடியில் இருக்கும் சுவிட்ச் பெட்டியைப் பாருங்கள்

இ-சேவை மையத்தின் வரிசையில் நின்ற எவருக்கும் இந்த வாசகம் பழக்கம்தான்: “சர்வர் டவுன், நாளைக்கு வாங்க.” வருமானச் சான்றிதழுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவருக்கு, அந்த ‘நாளைக்கு’ என்பது இன்னொரு நாள் கூலி. கல்லூரிச் சேர்க்கைக்குச் சான்றிதழ் பதிவேற்ற வேண்டிய மாணவிக்கு அது கடைசித் தேதியாகவும் இருக்கலாம்.

ஆனால் சர்வர் டவுன் என்று சொல்லப்படும் நேரமெல்லாம் சர்வர் படுத்துக் கிடப்பதில்லை. பல நேரங்களில் கோளாறு அதே அறையில்தான் இருக்கும். மேசைக்கு அடியில், தூசி படிந்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. அதிலிருந்து நாலைந்து வயர்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத அந்தப் பெட்டிக்குப் பெயர் நெட்வொர்க் சுவிட்ச்.

எது சர்வர் கோளாறு, எது அறைக்குள் இருக்கும் கோளாறு என்று கண்டுபிடிக்க உங்கள் கையில் இருக்கும் செல்போனே போதும். வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் அதே இணையதளத்தைத் திறந்து பாருங்கள். போனிலும் திறக்கவில்லை, மற்ற தளங்கள் மட்டும் திறக்கின்றன என்றால் கோளாறு அந்தத் தளத்தில்தான். காத்திருப்பதைத் தவிர வழியில்லை. போனில் அது சட்டென்று திறக்கிறது, மையத்தின் கணினியில் எந்தத் தளமுமே வரவில்லை என்றால், பிரச்சினை நான்கு சுவருக்குள் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். முகப்புப் பக்கம் திறந்து, விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் இடத்தில் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால், அது மறுபடியும் சர்வர் பக்கத்துச் சங்கதி.

இ-சேவை மையம் நடத்துபவர், கடையில் நாலு கணினி போட்டிருப்பவர், வீட்டுக்கு சிசிடிவி கேமரா வைத்திருப்பவர், பள்ளிக் கணினி அறையைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர் என எல்லோருக்கும் இந்தக் கட்டுரை பயன்படும். மெக்கானிக் வரும்வரை காத்திருக்காமல் நாமே பார்க்கக்கூடியவை இதில் நிறைய உண்டு.

சுவிட்ச் செய்யும் வேலை

சுவிட்ச் என்றதும் சுவரில் லைட் போடும் சுவிட்ச்தான் ஞாபகத்துக்கு வரும். இது அது இல்லை. வெளியிலிருந்து இணையம் மோடத்துக்கு வருகிறது, மோடத்திலிருந்து ரவுட்டர், ரவுட்டரில் பெரும்பாலும் நான்கு போர்ட்தான் இருக்கும். கணினிகள், பிரிண்டர், கேமரா என்று இணைக்க வேண்டியவை அதற்கு மேல் போகும்போது, 5 அல்லது 8 போர்ட் உள்ள ஒரு சுவிட்சை வாங்கி ரவுட்டரோடு இணைக்கிறோம். இப்போதெல்லாம் மோடமும் ரவுட்டரும் ஒரே பெட்டியாகவே வந்துவிடுகின்றன.

கிளை அஞ்சலகத்தில் தபால் பிரிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தெருவுக்கு எந்தக் கட்டு என்று அவருக்குத் தெரியும். சுவிட்சும் அப்படித்தான். எந்த போர்ட்டில் எந்தக் கணினி இருக்கிறது என்பதை அந்தக் கணினியின் மேக் முகவரியை வைத்து நினைவில் வைத்துக்கொண்டு, வரும் தகவலை அந்த போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். இதற்கு முன்பு இருந்த ‘ஹப்’ என்ற பெட்டிக்கு அந்த நினைவு கிடையாது. எது வந்தாலும் எல்லோருக்கும் கூவிச் சொல்லிவிடும்.

இடையில் ஒரு சுவையான செய்தி. ஈதர்நெட் சுவிட்சை 1990-ஐ ஒட்டி முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர் ‘கல்பனா’. அதை நிறுவியவர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் இந்திய வம்சாவளியினர்; தன் மனைவியின் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார். 1994-இல் சிஸ்கோ அதை வாங்கிக்கொண்டது.

அணைப்பதற்கு முன் ஒரு போட்டோ

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் வைத்தியம். அது பலிக்கவும் செய்யும். ஆனால் எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. அணைத்த நொடியில் தடயம் எல்லாம் அழிந்துவிடும். இன்றைக்குச் சரியாகி, நாளைக்கு மீண்டும் வந்தால் காரணம் தெரியாமல் முழிக்க வேண்டியதுதான். அதனால் அணைப்பதற்கு முன் போனை எடுத்து, மோடம், ரவுட்டர், சுவிட்ச் மூன்றின் லைட்டுகளையும் பத்து விநாடி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வயர் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று ஒரு போட்டோவும் எடுங்கள். பிறகு மெக்கானிக்குக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும் உதவும். பிடுங்கிய வயரைத் திரும்ப மாட்டவும் உதவும்.

முதலில் மோடத்தைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பு என்றால் அதில் ‘எல்ஓஎஸ்’ என்று ஒரு லைட் இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, வெளியிலிருந்து வரும் ஃபைபரில் ஒளியே வரவில்லை என்று பொருள். எங்கோ கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது உங்கள் வீட்டுக்குள்ளேயே அந்த மெல்லிய ஃபைபர் வயர் மடங்கி நசுங்கியிருக்கலாம். இந்த நிலையில் சுவிட்சை நோண்டுவதில் பயனே இல்லை. இணைப்பு கொடுத்தவருக்கு போன் போட்டு, “எல்ஓஎஸ் சிவப்பு எரியுது” என்று சொல்லுங்கள். “நெட் வரலை” என்பதைவிட அந்த ஒரு வரி புகாரை வேகமாக நகர்த்தும்.

எல்ஓஎஸ் எரியவில்லை என்றால், செல்போனை ரவுட்டரின் வைஃபையில் இணைத்துப் பாருங்கள். வைஃபையில் இணையம் வருகிறது, வயரில் இணைந்த கணினிகளுக்கு மட்டும் வரவில்லை. இப்போதுதான் நாம் சுவிட்ச் பக்கம் திரும்ப வேண்டும்.

லைட்டே எரியவில்லையா?

சுவிட்சில் ஒரு லைட்கூட எரியவில்லை என்றால், பெட்டி போய்விட்டது என்று உடனே புதிது வாங்கக் கிளம்பாதீர்கள். இந்தச் சின்னப் பெட்டிகளில் அடிக்கடி போவது பெட்டி அல்ல, அதற்கு மின்சாரம் தரும் அடாப்டர்தான். முதலில் பிளக் பாயிண்டில் மின்சாரம் இருக்கிறதா என்று செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஆட்டம் கண்ட ஓட்டையில் அடாப்டர் சரியாக உட்காராமல் இருப்பது ரொம்ப சாதாரணம்.

அடாப்டரை மாற்ற வேண்டுமானால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். பழைய அடாப்டரில் 5 வோல்ட், 9 வோல்ட், 12 வோல்ட் என்று எது அச்சிட்டிருக்கிறதோ, புதியதிலும் அதே வோல்ட் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ, கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. அடாப்டரில் சிறிய வட்டப் படம் போட்டு பிளஸ் எங்கே, மைனஸ் எங்கே என்று காட்டியிருப்பார்கள். அதுவும் பொருந்த வேண்டும். பின் அளவு பொருந்துகிறது என்பதற்காக 5 வோல்ட் சுவிட்சில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால், அத்தோடு கதை முடிந்தது.

இன்னொரு வகை உண்டு. லைட் எரியும், ஆனால் எல்லாம் ஒன்றாக அணைந்து அணைந்து எரியும். மதியம் வெயில் ஏறியதும் மோசமாகும். அடாப்டர் பலவீனமாகிவிட்டது, அல்லது பெட்டி சூடாகிறது. பெரும்பாலான சிறிய சுவிட்சுகளில் விசிறி கிடையாது. அதன் உடம்பு வழியாகத்தான் சூடு வெளியேற வேண்டும். அதன் மேல் ரவுட்டர், ரவுட்டர் மேல் மோடம், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கட்டு விண்ணப்பப் படிவம் என்று அடுக்கினால் சூடு எங்கே போகும்? தனித்தனியாக, காற்றுபடும்படி வையுங்கள்.

ஒரு கணினிக்கு மட்டும் வரவில்லையா?

மற்ற கணினிகள் ஓடுகின்றன, ஒன்றுக்கு மட்டும் நெட் இல்லை என்றால், சுவிட்சில் அந்தக் கணினியின் போர்ட் லைட்டைப் பாருங்கள். எரிந்தால் இணைப்பு பிடித்திருக்கிறது. மின்னினால் தகவல் போய் வருகிறது. எரியவே இல்லை என்றால் மின் அளவிலேயே தொடர்பு இல்லை. பச்சை, ஆரஞ்சு என்று நிறம் மாறுவது பல மாடல்களில் வேகத்தைக் காட்டுவதற்காக. கோளாறு என்று பயப்பட வேண்டாம். எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

இங்கே ஒரே ஒரு ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் அதே வயரை, வேலை செய்துகொண்டிருக்கும் வேறு போர்ட்டில் செருகுங்கள். லைட் வந்தால் பழைய போர்ட் போய்விட்டது. வரவில்லை என்றால் வேலை செய்யும் கணினியின் வயரை இந்தக் கணினிக்கு மாட்டிப் பாருங்கள். வந்தால் வயர்தான் குற்றவாளி. அப்போதும் வரவில்லை என்றால் கணினியின் நெட்வொர்க் போர்ட்டையோ அதன் அமைப்புகளையோ பார்க்க வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு “எப்படியோ சரியாயிடுச்சு” என்றால், அடுத்த முறையும் எப்படியோதான்.

வயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பிரச்சினை அதில்தான். வயரின் முனையில் இருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் முனைக்கு ஆர்ஜே-45 என்று பெயர். அதில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். செருகும்போது ‘டிக்’ என்று சத்தம் வர வேண்டும். அந்த நாக்கு உடைந்துவிட்டால், வயர் உள்ளே இருப்பதுபோலத் தெரியும், ஆனால் நாற்காலியை இழுத்தாலே விலகிவிடும். துடைப்பம் பட்டு விலகியிருக்கும், யாருக்கும் தெரியாது. நாக்கு உடைந்த முனையை டேப் ஒட்டிச் சமாளிக்காதீர்கள். வெட்டிவிட்டுப் புது முனை போட கொஞ்ச நேரம்தான் ஆகும்.

அந்த வயருக்குள் 8 கம்பிகள், 4 ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும், ஆரஞ்சும் பச்சையும். 1000 எம்பிபிஎஸ், அதாவது ஒரு கிகாபிட் வேகத்துக்கு நீலமும் பழுப்பும் சேர்ந்து நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி எலி கடித்தோ, கதவிடுக்கில் நசுங்கியோ அறுந்துவிட்டால் என்ன ஆகும்? பல சாதனங்கள் தாமாகவே 100-க்கு இறங்கிவிடும்; சில, இணைப்பே பிடிக்காமல் தடுமாறும். “300 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கேன், இந்த ஒரு சிஸ்டத்துல மட்டும் 95-க்கு மேல ஏறவே மாட்டேங்குது” என்று யாராவது சொன்னால், கம்பெனியைத் திட்டுவதற்கு முன் இந்த வயரைச் சந்தேகப்படுங்கள். சுவிட்சே 100 எம்பிபிஎஸ் மாடலாக இருந்தாலும் இதே கதைதான். பெட்டியின் அடியில் மாடல் விவரம் இருக்கும்.

வயரின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. விலை குறைவு என்று வாங்கும் சில வயர்களில் முழுச் செம்பு இருக்காது. அலுமினியக் கம்பி மேல் செம்புப் பூச்சு மட்டும் இருக்கும். வளைத்தால் சீக்கிரம் உடையும், நீளம் கூடினால் திணறும். வாங்கும்போது ‘முழுச் செம்பு, கேட் 5இ அல்லது கேட் 6’ என்று கேட்டு வாங்குங்கள்.

எல்லா லைட்டும் வெறி பிடித்ததுபோல் மின்னுகிறதா?

இதுதான் பார்ப்பவர்களை அதிகம் குழப்பும் கோளாறு. எல்லாக் கணினியிலும் ஒரே நேரத்தில் நெட் நின்றுவிடும். வைஃபையும் சேர்ந்து படுத்துவிடலாம். ஆனால் சுவிட்சின் எல்லா லைட்டும் நிற்காமல், ஒரே தாளத்தில் படபடவென்று மின்னும். பார்ப்பவர் “நல்லாத்தானே ஓடுது” என்று நினைப்பார்.

காரணம் பெரும்பாலும் மிக எளிது. அறையைப் பெருக்கும்போது தரையில் ஒரு வயர் முனை கிடக்கும். யாரோ நல்லெண்ணத்தில் அதை எடுத்து, காலியாக இருந்த போர்ட்டில் செருகிவிடுவார்கள். அந்த வயரின் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் ஏற்கெனவே இருக்கும்! இதற்கு ‘லூப்’ என்று பெயர். எல்லோருக்கும் என்று வரும் ஓர் அறிவிப்பை சுவிட்ச் எல்லா போர்ட்டுக்கும் அனுப்பும். அது அந்த வயர் வழியாகத் தனக்கே திரும்பி வரும். மறுபடியும் எல்லோருக்கும் அனுப்பும். இத்தனை சுற்றுக்குப் பிறகு செத்துப்போ என்று அந்தத் தகவலுக்குள் எந்தக் கணக்கும் எழுதப்பட்டிருக்காது. அதனால் கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரக்கணக்காகப் பெருகி, உண்மையான தகவல் போக இடமே இல்லாமல் செய்துவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். சுவிட்சிலிருந்து வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எந்த வயரைப் பிடுங்கியதும் மின்னல் அடங்குகிறதோ, அதுதான். இரண்டு சுவிட்ச் வைத்திருந்தால், அவற்றுக்கு இடையே இரண்டு வயர் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஒன்று போதும்.

இந்த லூப் ஆபத்தைத் தடுக்க 1985-இல் ரேடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் ‘ஸ்பானிங் ட்ரீ’ என்ற முறையை உருவாக்கினார். பெரிய அலுவலகங்களில் உள்ள விலை கூடிய சுவிட்சுகளில் அது இருக்கும். நாம் வாங்கும் சின்னப் பெட்டிகளில் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் அலட்சியம் கூடாது என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பெத் இஸ்ரேல் டீக்கனஸ் என்ற பெரிய மருத்துவமனையின் வலையமைப்பு, அந்தத் தடுப்பு முறை தாங்கக்கூடிய எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்ததால், இப்படிப்பட்ட சுழலில் சிக்கியது. நான்கு நாள் அளவுக்குக் கணினி வலையமைப்பு முடங்கி, பரிசோதனை முடிவுகளையும் மருந்துச் சீட்டுகளையும் காகிதத்தில் எழுதி, ஆள் மூலம் கொண்டுபோய்க் கொடுத்துச் சமாளித்தார்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு

நம் ஊரில் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். மோடமும் கணினியும் யுபிஎஸ்ஸில் இருக்கும்; சுவிட்ச் மட்டும் நேரடி லைனில் இருக்கும். கரண்ட் போனதும் கணினி ஓடும், மோடம் ஓடும், நெட் மட்டும் இருக்காது. சுவிட்சுக்கு ஆகும் மின்சாரம் மிகக் குறைவு. அதையும் யுபிஎஸ்ஸில் சேர்த்துவிடுங்கள்.

கரண்ட் திரும்பியதும் எல்லாம் ஒரே நேரத்தில் உயிர் பெறும். ரவுட்டர் தயாராக ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் கணினி எழுந்து, “எனக்கு முகவரி கொடு” என்று கேட்டு, பதில் கிடைக்காமல் தானாகவே ஒரு முகவரி வைத்துக்கொள்ளும். கணினியின் நெட்வொர்க் விவரத்தில் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் இதுதான் நடந்திருக்கிறது. வயரைக் கழற்றி மாட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். மோடம் முதலில், பிறகு ரவுட்டர், பிறகு சுவிட்ச், கடைசியில் கணினி என்ற வரிசையில் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. மறுபடி மறுபடி 169.254 வந்தால், சுவிட்சிலிருந்து ரவுட்டருக்குப் போகும் அந்த ஒற்றை வயரைச் சந்தேகப்படுங்கள்.

பழைய ரவுட்டரை சுவிட்ச் மாதிரி பயன்படுத்துகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் அந்தப் பழைய ரவுட்டரும் தன் பங்குக்கு எல்லோருக்கும் முகவரி வழங்கத் தொடங்கும். ஒரு கணினிக்கு நெட் வரும், பக்கத்துக் கணினிக்கு வராது, நாளைக்கு மாறிப்போகும். அதில் டிஎச்சிபி என்ற வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு சாதாரண சுவிட்ச் வாங்கிவிடுவது மேல்.

இடி மின்னல் காலத்தில் ஒரு எச்சரிக்கை. பக்கத்துக் கட்டடத்துக்கு மொட்டைமாடி வழியாக நெட்வொர்க் வயர் இழுத்திருந்தால், அருகில் மின்னல் விழும்போது அந்தச் செம்பு வயர் வழியாக மின் அதிர்வு வந்து போர்ட்டுகளைச் சுட்டுவிடும். மழை ஓய்ந்த மறுநாள் காலை ஓரிரு போர்ட் மட்டும் செத்திருப்பது இப்படித்தான். கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் போடுவதே பாதுகாப்பு; அதில் மின்சாரம் பாயாது.

ராத்திரியில் மட்டும் கேமரா அணைகிறதா?

வயர் வழியாகவே கேமராவுக்கு மின்சாரமும் தரும் சுவிட்சுகளை ‘பிஓஇ’ சுவிட்ச் என்பார்கள். பகலெல்லாம் நன்றாக ஓடிய கேமரா, இருட்டியதும் அணைந்து அணைந்து வந்தால் பேய் பிசாசு எதுவும் இல்லை. இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும், மின்தேவை கூடும், சுவிட்சால் கொடுக்க முடியாமல் போகும். அடிப்படைத் தரத்தில் ஒரு போர்ட்டுக்கு அதிகபட்சம் 15.4 வாட். எட்டு போர்ட்டுக்கும் முழுதாகக் கொடுக்க 123 வாட்டுக்கு மேல் வேண்டும். ஆனால் பெட்டியில் மொத்தமே 60 வாட் என்று போட்டிருக்கும். வாங்கும் முன் மொத்த வாட் எவ்வளவு என்று கேளுங்கள். கேமராக்களின் இரவு நேர வாட்டைக் கூட்டிப் பாருங்கள்.

தொடவே கூடாத ஓர் ஓட்டை

ரவுட்டரின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ‘ரீசெட்’ என்று ஓர் ஓட்டை இருக்கும். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ஊசியால் அழுத்திப் பிடித்தால் இணைப்பு கொடுத்தவர் போட்டு வைத்த பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்துவிடும். அவர் வந்தால்தான் இனி நெட். சாதாரணச் சின்ன சுவிட்சில் அப்படி எந்த அமைப்பும் கிடையாது. பத்து விநாடி பிளக்கைப் பிடுங்கி மாட்டினாலே போதும்.

சரி, நீங்கள் மையம் நடத்துபவர் இல்லை, வரிசையில் நிற்பவர். உங்களுக்கு என்ன? போனில் தளம் திறக்கிறது என்று தெரிந்தால், அங்கிருப்பவரிடம் “அண்ணே, என் போன்ல சைட் ஓப்பன் ஆகுது. ஹாட்ஸ்பாட் போட்டுத் தரட்டுமா?” என்று கேளுங்கள். ஒரு விண்ணப்பத்தை முடிக்க ஆகும் டேட்டா மிகக் கொஞ்சம். வேலை முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு, அதன் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். பல சேவைகளுக்கு இ-சேவை இணையதளத்தில் பொதுமக்களுக்கான தனி உள்நுழைவு வழியாக வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கவும் முடியும்.

பணம் செலுத்தும்போது நெட் அறுந்தால், அவசரப்பட்டு இரண்டாவது முறை கட்டாதீர்கள். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்ததா, விண்ணப்பத்தின் நிலை என்ன என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். விண்ணப்ப எண்ணை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நெட் சரி செய்ய கூகுளில் தேடி எடுத்த ‘கஸ்டமர் கேர்’ எண்ணுக்குப் பேசும்போது, எதிர்முனையில் இருப்பவர் போனில் ஏதாவது ஆப் போடச் சொன்னாலோ, திரையைப் பகிரச் சொன்னாலோ, ஓடிபி கேட்டாலோ, உடனே இணைப்பைத் துண்டியுங்கள். கேபிளைச் சரி செய்ய உங்கள் ஓடிபி யாருக்கும் தேவையில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். இணைப்பு கொடுத்தவரின் சரியான எண், மாதா மாதம் வரும் பில்லிலேயே இருக்கும். இன்றைக்கே போனில் சேமித்து வையுங்கள், சுவிட்சின் மேலும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள்.